ஒரு மடி, இரண்டு வாய்

ஆட்டுப் பட்டிக்குள் குந்திக்கொண்டு ஒவ்வொரு ஆட்டின் மடியையும் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பொழுது விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கிறது. புழுக்கை வாடையும், முந்தின நாள் சாயங்காலம் கட்டிவிட்ட வேப்பந்தழையின் கசப்பு வாடையும் கலந்து மூக்கில் ஏறுகின்றன. வீட்டுக்குள் ஒரு பச்சைக் குழந்தை அழுகிறது. அதை அழுகை என்று சொல்வதுகூடத் தப்பு. தொண்டை வற்றிப்போன முனகல்.

முதல் ஆட்டின் காம்பு என் கட்டைவிரலைவிடப் பருமன். அது ஆகாது. அடுத்தது, கை பட்டதுமே பின்னங்காலை உதறியது. அதுவும் ஆகாது. அதற்கடுத்தது முதுகெல்லாம் கறுப்பு, வயிறு மட்டும் வெளுப்பு. அதன் காம்பு என் சுண்டுவிரல் நுனி அளவுதான் இருந்தது. பிடித்தேன். திரும்பி என்னைப் பார்த்தது. அசைபோடுவதை ஒரு கணம் நிறுத்தியது. பிறகு, இவ்வளவுதானா என்பதுபோல மறுபடி அசைபோட ஆரம்பித்தது.

பட்டி வாசலில் என் வீட்டுக்காரர் வந்து நின்றார். காலையில் நான் அங்கே குந்தியிருந்தது அவருக்கு விநோதமாக இருந்திருக்க வேண்டும்.

"இன்னா தேடிகினு கீறே?" என்றார்.

"உங்க தங்கச்சி புள்ளைக்குப் பால் குடுக்க ஆள் தேடறேன்" என்றேன்.

எனக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று அன்றைக்கு அவர் நினைத்தாராம். ரொம்ப வருஷம் கழித்துச் சொன்னார்.

பல்லி மட்டும் பார்த்த பெண்

இந்தத் தொடரை நடுவிலிருந்து படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான் பிறந்தது பெரம்பூரில். அப்பா ஓர் அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோக்கிறவர். எங்கள் வீட்டில் இருந்த ஒரே பிராணி சுவரில் இருந்த பல்லி. யுத்த காலத்தில் என்னை நெமிலிச்சேரியில் கட்டிக்கொடுத்தார்கள். ஏரிக்குக் கீழே கொஞ்சம் நிலம், அதில் கேழ்வரகும் வேர்க்கடலையும், வீட்டுக்குப் பின்னால் ஒரு பட்டி ஆடு. இதுதான் அவர்கள் சொத்து. மாமனார், மாமியார் இரண்டு பேரும் நான் வருவதற்கு முன்பே போய்விட்டார்கள். வீட்டில் நானும் அவரும்தான். திருமழிசையில் வாழ்க்கைப்பட்ட என் நாத்தனார் பாக்கியம் எப்போதாவது வந்து போவாள்.

புது இடத்தில் பேச ஆள் இல்லாதவள் என்ன செய்வாள்? ஆட்டைப் பார்த்தேன். நாள் முழுக்கப் பார்த்தேன்.

ஆட்டின் கண்ணை நீங்கள் அருகில் பார்த்திருக்கிறீர்களா? நம் கண்ணில் கறுப்பு வட்டமாக இருக்கும். ஆட்டுக்கு அது குறுக்கே போட்ட கோடு மாதிரி இருக்கும். தலையைக் கீழே குனிந்து மேயும்போதும் அந்தக் கோடு தரைக்குச் சமமாகவே நிற்கும். கண் தனியாகச் சுழன்றுகொள்கிறது. இதைக் கண்டுபிடித்த அன்று நான் சோறு வடிக்க மறந்துவிட்டேன்.

மேல் வரிசையில் முன்பல்லே கிடையாது. வெறும் ஈறுதான். அதை வைத்துக்கொண்டு முள்வேல மரத்தில், முள்ளுக்கு நடுவிலிருக்கும் இலையை மட்டும் பறித்துத் தின்னும். கீழ்ப்பல்லைப் பார்த்து வயசு சொல்வார்கள். ரெண்டு பல் போட்டிருக்கிறது, நாலு பல் போட்டிருக்கிறது என்பதுதான் அந்த ஊரில் ஆட்டுக்குப் பிறந்த நாள் கணக்கு.

எங்கள் பட்டியில் இருந்தவை எல்லாம் பள்ளையாடு. குட்டைக் கால், உருண்டை வயிறு. தெற்கத்திப் பக்கத்து உயர ஆடுகளை ஒரு தடவை பூந்தமல்லிச் சந்தையில் பார்த்தேன். நாரைக்குக் கொம்பு முளைத்த மாதிரி இருந்தன. எங்களுடையது அப்படி இல்லை. நிறத்தில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இருக்காது. கறுப்புத் தாய்க்குச் செவலைக் குட்டி பிறக்கும், செவலைத் தாய்க்கு முகத்தில் இரண்டு வெள்ளைக் கோடு போட்ட குட்டி பிறக்கும். பெட்டை ஆட்டுக்கும் தாடி இருக்கும். சில ஆட்டுக்குக் கொம்பே வராது. சிலதுக்குக் கழுத்தின் கீழ் இரண்டு பக்கமும் விரல் நீளத்தில் சதைத் துண்டு தொங்கும். அது எதற்கு என்று தெருவில் எல்லோரையும் கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. அதற்கு ஒரு வேலையும் இல்லை என்று சொன்னார்கள். வேலை இல்லாமலா முளைக்கும் என்று நான் யோசித்துக்கொண்டே இருப்பேன்.

வயிறு வெளுத்த அந்தக் கறுப்பு ஆட்டுக்கு அப்படி இரண்டு தொங்கின. அதனால் அதற்கு லோலாக்கு என்று பெயர் வைத்தேன். அந்த வீட்டில் ஆட்டுக்குப் பெயர் வைத்தது அதுதான் முதல் தடவை.

பால் இல்லாத ஊர்

தை மாசத்தில் பாக்கியம் பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள். தாய் இல்லாத பெண்ணுக்கு அண்ணன் வீடுதானே தாய் வீடு. அதற்கு முன்னால் அவளுக்குப் பிறந்த குழந்தைகள் தங்கவில்லை. அதனால் இந்தத் தடவை யாரும் வாய் திறந்து எதையும் பேசவில்லை. பெண் பிறந்தது. மருத்துவச்சி குழந்தையைக் குப்பைமேட்டில் ஒரு தரம் கிடத்தி எடுத்து, குப்பு என்று கூப்பிட்டாள். குப்பையில் கிடந்ததை யார் தூக்கிக்கொண்டு போவார்கள் என்று ஒரு நம்பிக்கை.

பிறகுதான் பாக்கியத்துக்குக் காய்ச்சல் கண்டது. உடம்பு அனலாகக் கொதித்தது. நெற்றியில் ஈரத்துணி போட்டால் கொஞ்ச நேரத்தில் காய்ந்துவிடும். பால் சுத்தமாக வற்றிப்போயிற்று.

பசும்பாலுக்கு எங்கே போவது? ஆவடிப் பக்கம் பட்டாளம் வந்து இறங்கிய பிறகு சுற்று வட்டாரத்துப் பாலெல்லாம் விடிவதற்குள் அங்கே போய்விடும். காண்டிராக்டர் ஆட்கள் ஊர் ஊராக வந்து கையில் கிடைத்த மாடு, ஆடு, கோழியைப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஒருத்தர் மனசு இரங்கிக் கொஞ்சம் எருமைப்பால் கொடுத்தார். குழந்தைக்கு வயிற்றால் போயிற்று. தெருவில் கைப்பிள்ளைக்காரி ஒருத்தி வந்து இரண்டொரு தரம் பால் கொடுத்தாள். அவள் பிள்ளைக்கே போதவில்லை. அப்புறம் சர்க்கரைத் தண்ணீரைத் துணியில் நனைத்து வாயில் வைத்தோம்.

காய்ச்சல் உச்சத்தில் இருந்த ஒரு மத்தியானம், பாக்கியம் கண்ணைத் திறந்து என் கையைப் பிடித்தாள். எல்லையம்மன் கோயில் இருக்கும் திசையைப் பார்த்துக்கொண்டு தெளிவாகச் சொன்னாள். "இந்தப் புள்ள பொழச்சா, இந்தப் பட்டியில அடுத்துப் பொறக்கிற கிடாக்குட்டி உனக்குதான் தாயே. ஆடி மாசம் கொண்டாந்து உட்டுடறேன்."

வாசற்படியில் உட்கார்ந்திருந்த அவள் அண்ணனும் அதைக் கேட்டார். கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அடுத்து வந்த நாட்களில் லோலாக்கு குட்டி போட்டது. இரண்டு குட்டி. பெட்டை உயிரில்லாமல் விழுந்தது. கிடா எழுந்து நின்றது, விழுந்தது, மறுபடி நின்றது. கால் அவ்வளவு குட்டை. கட்டையன் என்று கூப்பிட்டேன்.

வேண்டுதலைப் பற்றி அப்போது எனக்கு ஞாபகமே வரவில்லை. என் கண்ணெல்லாம் அந்த ஆட்டின் மடிமேல் இருந்தது.

முட்டினால் இறங்கும்

முதலில் கறந்து பாலாடையில் ஊற்றிக் கொடுக்கலாம் என்றுதான் பார்த்தோம். பள்ளையாடு அதிகம் கறக்கிற ஜாதி இல்லை. லோலாக்கோ ஆள் கை பட்டதும் பாலை ஏற்றிக்கொண்டது. மடி கனமாக இருக்கும், காம்பில் ஒன்றும் வராது. வந்த கொஞ்சமும் குழந்தைக்குப் புரையேறியது. சாய்த்து ஊற்றினால் கடைவாய் வழியாக வழிந்துவிடும்.

அப்போதுதான் கட்டையனைக் கவனித்தேன். பால் குடிக்க வந்தால் குட்டி சும்மா வாய் வைப்பதில்லை. தலையால் மடியை ஓங்கி முட்டும். தாய்க்கு வலிக்காதா என்று தோன்றும். நாலைந்து முட்டு முட்டியதும் லோலாக்கு கண்ணைப் பாதி மூடும், பின்னங்கால்களை அகட்டும். உடனே குட்டியின் வாலாட்டம் வேகமாகும். அந்த முட்டலில்தான் பால் இறங்குகிறது.

ஆட்டுக்கு இரண்டு காம்பு. குட்டி ஒன்றே ஒன்று. குழந்தையின் வாய்க்கு எந்தக் காம்பு ஆகும் என்று பார்க்கத்தான் அந்தக் காலையில் பட்டிக்குள் குந்தியிருந்தேன்.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து பட்டித் தரையில் சாக்கை விரித்து உட்கார்ந்தேன். அவர் ஆட்டின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு வாய்க்கு நேராக அகத்திக் கொத்தை நீட்டினார். லோலாக்கு தரையில் விழுந்த தழையைத் தொடாது. மிதிபட்ட தழையைத் தின்னாத ராங்கிக்காரி. உயரத்தில் நீட்டினால்தான் வாய் வைப்பாள். அந்தப் பக்கம் கட்டையனை விட்டோம். முட்டினான். இந்தப் பக்கக் காம்பைக் கழுவித் துடைத்துக் குழந்தையின் வாயில் வைத்தேன்.

முதலில் நாக்கால் தள்ளியது. கட்டையன் இன்னொரு முட்டு முட்டினான். பால் தானாகப் பீய்ச்சிக் குழந்தையின் வாய்க்குள் விழுந்தது. அந்தச் சின்ன முகம் திடுக்கிட்டது. அப்புறம் கவ்விக்கொண்டது. தொண்டை ஏறி இறங்குவது எனக்குத் தெரிந்தது. என் வீட்டுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு அகத்திக் கொத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டு நாள் அந்த ஆட்டைச் சுற்றித்தான் ஓடியது. மேய்ச்சலுக்கு ரொம்ப தூரம் விடவில்லை. ஏரிக்கரை வரைக்கும் போய் வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடும். அதுவரை கட்டையனைப் பெரிய மூங்கில் கூடைக்குள் கவிழ்த்து வைப்போம். இல்லையென்றால் தாயோடு ஓடிப்போய்க் குழந்தையின் பங்கையும் குடித்துவிடுவான். பட்டித் தரையில் அடுப்புச் சாம்பலைத் தூவிக் காயவைத்தேன். பூவரசம் இலை, கொடுக்காப்புளிக் காய், வேல மரத்து நெற்று என்று அவர் தேடித் தேடிக் கொண்டுவந்தார். நெற்று தின்ற நாளில் பால் கூடுகிற மாதிரி எனக்குத் தோன்றியது. வெறும் தோற்றமாகவும் இருக்கலாம்.

தெரு சும்மா இருக்குமா? ஆட்டுப்பால் குடித்த பிள்ளை சுவர் ஏறும் என்றார்கள். பேச்சு வராது, கத்தத்தான் வரும் என்றார்கள். ஒருத்தி வந்து குழந்தையின் தலையைத் தடவிக் கொம்பு வருகிறதா என்று பார்த்தாள். விளையாட்டுக்குத்தான் செய்தாள். ஆனால் விரலை நிஜமாகவே அழுத்திப் பார்த்தாள்.

வண்டிக்காரர் வந்தார்

பாக்கியத்தின் புருஷன் முனுசாமி திருமழிசையில் இரட்டை மாட்டு வண்டி ஓட்டுகிறவர். பூந்தமல்லிக்கும் காட்டுப்பாக்கத்துக்கும் பாரம் ஏற்றிக்கொண்டு போய் வருவார். பெஞ்சாதி படுத்த படுக்கையாக இருக்கிற சேதி கேட்டு வந்தவர், நேராகப் பின்பக்கம் வந்துவிட்டார். அங்கே அவருடைய மகள் ஒரு ஆட்டுக்கு அடியில் கிடந்தாள்.

அவர் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இது வெளியே தெரிந்தால் நாளைக்கு இந்தப் பெண்ணை யார் கட்டுவார்கள் என்று மெதுவாகக் கேட்டார். எனக்குக் கை மரத்துப்போயிருந்தது. குழந்தை குடித்து முடித்து, வாயோரம் பால் நுரையோடு தூங்கிவிட்டது. வயிறு கொஞ்சம் உப்பியிருந்தது. முனுசாமி அதைப் பார்த்தார். இதற்கு முன்னால் பிறந்த பிள்ளைகளின் வயிற்றை அவர் எப்படிப் பார்த்தாரோ, எனக்குத் தெரியாது.

மறுவேளைக்கு நான் சாக்கை விரிக்கும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "தங்கச்சி, நீ எழுந்திரு. நா புடிச்சிக்கறேன்" என்றார்.

மாடு பழக்கின கை. ஆட்டின் பின்னங்காலைத் தடவிக்கொடுத்துக்கொண்டே இருந்தார். லோலாக்கு எனக்கு நின்றதைவிட அவருக்கு அடக்கமாக நின்றது.

பாக்கியம் எழுந்து நடக்கக் கோடை வந்துவிட்டது. எலும்பும் தோலுமாக இருந்தாள். பால் திரும்ப வரவில்லை. குழந்தையைப் பட்டிக்குத் தூக்கிக்கொண்டு போகும் வேலையை அவளே எடுத்துக்கொண்டாள். குப்பு தலை நின்று, பிறகு குப்புறக் கவிழ்ந்து, உட்கார ஆரம்பித்தாள். பட்டியின் சத்தம் கேட்டாலே காலை உதைப்பாள்.

கட்டையன் மட்டும் வளரவில்லை. அவன் வயசுக் குட்டிகள் தாயின் தோளுயரம் வந்தபோது அவன் அவற்றின் வயிற்றுக்குக் கீழே நடந்துகொண்டிருந்தான். அவன் பாலில் பாதியை நாங்கள் எடுத்துக்கொண்டோம். அதனால்தான் என்று நினைக்கிறேன். ஆனால் எந்தக் குட்டியும் தழை கடிக்காத வயசிலேயே அவன் தழை கடித்தான். தழைக்கட்டு அவனுக்கு எட்டாது. படுத்திருக்கிற தாயின் முதுகில் ஏறி நின்று தின்பான். அதைப் பார்க்கவே நான் வேலையை விட்டுவிட்டு வருவேன்.

சொன்ன உயிர்

ஆனி கடைசியில் ஒரு நாள் சாப்பிடும்போது என் வீட்டுக்காரர் பேச்சை எடுத்தார். ஆடி வருகிறது, வேண்டுதலை முடித்துவிட வேண்டும் என்றார்.

பாக்கியம் கையைச் சோற்றில் வைத்தபடியே இருந்தாள். வேறு ஒரு கிடா வாங்கி விடலாமே என்று நான் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. பூசாரியிடம் ஏற்கெனவே கேட்டுவிட்டாராம். இன்ன உயிர் என்று வாயால் சொன்ன பிறகு மாற்றக்கூடாதாம். ஏற்கெனவே பறிகொடுத்தவள் இவள், மறுபடி ஒரு விஷப்பரீட்சை வேண்டாம் என்றார். அவர் தங்கைமேல் வைத்த பிரியத்தில்தான் பேசினார். அதனால் எதிர்த்துப் பேச எனக்கு வாய் வரவில்லை.

பாக்கியமும் எதிர்க்கவில்லை. "சொன்னது சொன்னதுதாண்ணா" என்றாள்.

அதற்கப்புறம் வந்த நாட்களில், மத்தியானம் அவர் கழனியில் இருக்கும் நேரத்தில், பாக்கியம் கட்டையனைக் கிணற்றடிக்கு இட்டுக்கொண்டு போவதைப் பார்த்தேன். செம்பில் தண்ணீர் மொண்டு அவன் முதுகில் ஊற்றுவாள். அவன் சிலிர்த்து உதறுவான். தடவிக்கொடுத்து ஒரு கொடுக்காப்புளிச் சுளையை வாயில் வைப்பாள். மறுபடி ஊற்றுவாள். மறுபடி உதறுவான்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். வெள்ளாட்டுக்குத் தண்ணீர் ஆகாது. மழை தூறினால் செம்மறி நின்ற இடத்தில் நிற்கும். வெள்ளாடு கத்திக்கொண்டு கூரை தேடி ஓடும். முதுகில் ஒரு சொட்டு விழுந்தாலும் தலையிலிருந்து வால்வரை ஒரு உதறு உதறும். கோயிலில் ஆடு வெட்டும் முன்பு அதன்மேல் மஞ்சள் தண்ணீர் தெளிப்பது அதற்காகத்தான். ஆடு சிலிர்த்தால் அம்மன் ஒப்புக்கொண்டாள் என்று அர்த்தம். சிலிர்க்கும் வரை கத்தி இறங்காது.

பாக்கியம் என்ன செய்கிறாள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. கிணற்றடிக்குப் போய் நின்றேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அண்ணி, நா குடுக்கறேன்னு சொன்னேன். குடுக்கத்தான் போறேன். வாங்கிக்கிறதும் வாங்கிக்காததும் அவ இஸ்டம்" என்றாள்.

நான் செம்பை வாங்கி இன்னொரு தரம் தண்ணீர் மொண்டு கொடுத்தேன். என் வீட்டுக்காரரிடம் இதைப் பற்றிப் பேசவில்லை.

கோயில் வாசலில்

ஆடி ஞாயிறு. கூழ் வார்த்த பானைகள் கோயிலைச் சுற்றி அடுக்கியிருந்தன. உடுக்கைச் சத்தமும் வேப்பிலை வாடையுமாக இருந்தது. எங்களுக்கு முன்னால் நின்றவர்களின் கிடாக்கள் எல்லாம் தண்ணீர் பட்டதுமே சிலிர்த்தன. ஒன்று, பூசாரி சொம்பைத் தூக்கும்போதே உதறியது.

கட்டையனைப் பாக்கியமே கொண்டுபோய் நிறுத்தினாள். அவன் கழுத்தில் மாலை தரையில் இழுபட்டது. முனுசாமி குழந்தையை வைத்துக்கொண்டு என் பக்கத்தில் நின்றார். அவருக்குக் கிணற்றடி விஷயம் தெரியுமா, தெரியாதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

பூசாரி வேப்பங்கொத்தால் தெளித்தார். கட்டையன் ஒரு காதை ஆட்டினான். காது ஆட்டினால் போதும் என்று கூட்டத்தில் ஒருத்தர் சொன்னார். போதாது, உடம்பு சிலிர்க்க வேண்டும் என்று இன்னொருத்தர் சொன்னார். இரண்டாவது தரம் பூசாரி கைநிறைய அள்ளி முதுகில் அடித்தார். கட்டையன் பாக்கியத்தைத் திரும்பிப் பார்த்து ஒரு தடவை கத்தினான். கொடுக்காப்புளிச் சுளை கேட்கிறான் என்று எனக்குத் தெரிந்தது. மூன்றாவது தரம் ஒரு சொம்புத் தண்ணீரையும் கொம்பிலிருந்து வால்வரை ஊற்றினார். தண்ணீர் வயிற்றடியில் சொட்டிக்கொண்டிருந்தது. அவன் அசைபோட ஆரம்பித்தான்.

உடுக்கை நின்றுவிட்டது. பூசாரி கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். பிறகு விபூதியை எடுத்து ஆட்டின் நெற்றியில் வைத்தார்.

"ஆத்தாவுக்கு வோணாமாம். ஊட்டுக்கு இட்டுகினு போங்க."

என் வீட்டுக்காரர் சாஷ்டாங்கமாக விழுந்து கும்பிட்டார். எழுந்தபோது முகமெல்லாம் புழுதியும் கண்ணீரும். கட்டையனைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு அவரே நடந்தார்.

பாக்கியத்தின் பயம்

கதை இத்தோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பாக்கியம் சந்தோஷப்படுவாள் என்று நான் நினைத்தேன். அவள் குழந்தையைக் கீழே இறக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். அந்த வாரத்திலேயே குப்புவுக்கு உடம்பு சுட்டது. லேசான சூடுதான். பல் முளைக்கிற காய்ச்சலாக இருக்கும் என்றேன். பாக்கியம் கேட்கவில்லை.

"அவ வோணான்னு சொல்லல அண்ணி. நாந்தான் சொல்ல வெச்சிட்டேன். ஆட்ட எடுத்துக்கல, அப்ப புள்ளய கேப்பா" என்றாள்.

மறுபடி கட்டையனைக் கொண்டுபோகிறேன் என்று கிளம்பினாள். கிணற்றடியில் நடந்ததைப் பூசாரியிடம் சொல்லி, தண்ணீர் தெளிக்காமலே எடுத்துக்கொள்ளச் சொல்லப் போகிறாளாம். கையில் கயிறு. பட்டி வாசலில் அவளை மறித்து நின்றேன். சாமி விஷயத்தில் வாதாட எனக்குத் தெம்பு இல்லை. எனக்குத் தெரிந்தது ஆட்டைப் பார்ப்பது ஒன்றுதான்.

தண்ணீர் ஊற்றிப் பழக்கினால் ஆடு சிலிர்க்காமல் போகும் என்று உனக்கு யார் சொன்னது என்று கேட்டேன். யாரும் சொல்லவில்லை, அவளாக நினைத்துக்கொண்டதுதான். அப்படியானால் இன்னொரு குட்டிக்கும் அதே மாதிரி ஊற்றிப் பார்ப்போம், அதுவும் அடங்கிப்போனால் நீ கட்டையனைக் கொண்டுபோ, நான் தடுக்க மாட்டேன் என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, உள்ளுக்குள் எனக்கும் உதறல்தான். அது அடங்கிப்போனால் என்ன செய்வேன்?

கட்டையன் வயசில் ஒரு செவலைக் குட்டி இருந்தது. அதே கிணற்றடி, அதே மத்தியான நேரம், அதே கொடுக்காப்புளி. பாக்கியமே ஊற்றினாள். அடுத்த அமாவாசை வரைக்கும் நாள் தவறாமல் ஊற்றினாள். இதற்குள் குழந்தைக்குச் சூடு தணிந்து, கீழ் ஈறில் வெள்ளையாக ஒரு முனை எட்டிப் பார்த்தது. பாக்கியம் அதைப் பார்த்தாள். ஆனாலும் ஊற்றுவதை நிறுத்தவில்லை.

செவலைக்குட்டி முதல் நாள் உதறியது. அடுத்த நாளும் உதறியது. கொடுக்காப்புளியை வாயில் வைத்துக்கொண்டே உதறியது. சுளை ஒரு பக்கம் பறக்கும், தண்ணீர் ஒரு பக்கம் பறக்கும். அமாவாசை அன்று பாக்கியம் பெரிய தவலையிலிருந்து ஒரே ஊற்றாக ஊற்றினாள். குட்டி எகிறிக் குதித்து உதறிய உதறலில் அவள் தலைமயிர், புடவை, முகம் எல்லாம் நனைந்துபோயிற்று.

அவள் கையால் முகத்தை வழித்துவிட்டுக்கொண்டு கிணற்றுத் தோண்டிக்குப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். பிரசவத்துக்கு வந்த நாளிலிருந்து அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. முன்பல் இரண்டுக்கும் நடுவில் ஒரு சந்து இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"இது அடங்கல அண்ணி" என்றாள். "அப்ப அவன் நின்னது என் கையால இல்ல."

புரட்டாசியில் முனுசாமி வண்டி கட்டிக்கொண்டு வந்தார். பெஞ்சாதியையும் பிள்ளையையும் ஏற்றினார். குழந்தை இன்னும் முழுசாகச் சோற்றுக்கு மாறவில்லை. அதனால் லோலாக்கையும் கட்டையனையும் சேர்த்தே ஏற்றச் சொன்னார் என் வீட்டுக்காரர். வண்டியில் வைக்கோல் போட்டு மேலே சாக்கு விரித்திருந்தது. கட்டையன் ஏறியதும் தாயின் முதுகில் நின்றுகொண்டான்.

திருமழிசையில் அவன் ரொம்ப நாள் பொலிகிடாவாக இருந்தான். அந்தத் தெருவில் குட்டைக் காலோடு, கழுத்தில் லோலாக்கோடு குட்டிகள் பிறந்துகொண்டே இருந்தனவாம். கறிக்கு அவனை யாரும் விலை பேசவில்லை. அம்மன் வேண்டாம் என்று சொன்ன ஆட்டை யார் கேட்பார்கள்? பிற்பாடு வயசாகி, பல் எல்லாம் விழுந்து, கேழ்வரகுக் கூழ் குடித்துக் காலம் தள்ளிச் செத்தான். குப்புவுக்குக் கொம்பும் முளைக்கவில்லை, பேச்சும் நன்றாக வந்தது. கொஞ்சம் அதிகமாகவே வந்தது.

எனக்கு மட்டும் அந்தக் கேள்வி விடவில்லை. ஒரு குட்டியை வைத்துப் பார்த்துவிட்டு முடிவு சொல்வது எப்படிச் சரியாகும்? அதனால் ஆண்டுக்கு ஒன்றிரண்டு குட்டிகளைத் தேர்ந்தெடுத்து, யாருக்கும் சொல்லாமல் மத்தியானத்தில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். சில குட்டிகள் கடைசிவரை உதறின. சில குட்டிகள் பழகிப்போய் நின்றன. ஒன்று பாதி நாள் நிற்கும், பாதி நாள் உதறும். கறுப்பா செவலையா, கிடாவா பெட்டையா, கொம்பு உண்டா இல்லையா என்று எப்படிப் பிரித்துப் பார்த்தாலும் கணக்குப் பிடிபடவில்லை.

ஒரு தடவை பாக்கியம் மகளோடு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது, கிணற்றடியில் ஈரம் சொட்டும் குட்டியோடு என்னைப் பார்த்துவிட்டாள். இடுப்பில் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

"இன்னா அண்ணி, இன்னும் ஊத்திகினுதான் கீறியா?" என்றாள்.

ஆமாம் என்றேன். அவள் சிரித்தாள். என்ன தெரிந்தது என்று கேட்பாள் என நினைத்துக் காத்திருந்தேன். அவள் கேட்கவில்லை. குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, வெயிலில் நிற்காதே என்று மகளைக் கூப்பிட்டபடி உள்ளே போய்விட்டாள்.